தன்மை ஒருமை

எங்கள் வீட்டில் இரண்டு பைபிள்கள் இருந்தன. அப்பா கத்தோலிக்கர், அம்மா மெதடிஸ்ட். கல்யாணத்தின்போது யார் எந்தப் பக்கம் மாறுவது என்று இரண்டு குடும்பமும் மாதக்கணக்கில் பேசி, கடைசியில் இருவருமே மாறவில்லை. அதனால் அப்பாவின் திருவிவிலியமும் அம்மாவின் கறுப்பு அட்டை பரிசுத்த வேதாகமமும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒரே வசனத்தை இரண்டிலும் எடுத்து வைத்து ஒப்பிடுவது எனக்குச் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட பழக்கம். இலக்கிய வாசிப்பு என்று பின்னாளில் நான் கற்றுக்கொண்டதற்கு அதுதான் அரிச்சுவடி.

அப்படிப் பார்த்ததில் இன்றுவரை என்னை விடாதது மத்தேயு 16ஆம் அதிகாரத்தின் 24ஆம் வசனம். தன் பின்னால் வர விரும்புகிறவன் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு சீடர்களுக்குச் சொல்லும் இடம். சிலுவையை எடுத்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அம்மாவின் வேதாகமத்தில் அதற்கு 'வெறுத்தல்' என்ற வினை. தன்னையே வெறுக்க வேண்டும். 1995இல் வந்த அப்பாவின் திருவிவிலியத்தில் 'துறத்தல்'. அதில் துறக்க வேண்டியது தன்னை அல்ல, தன்னலத்தை.

பன்னிரண்டு வயதில் இந்த வித்தியாசம் எனக்குச் சாதாரணமாகப் படவில்லை. தன்னை வெறுப்பதற்கு அந்த வயதுப் பெண்ணுக்கு இயேசு வந்து சொல்லித்தர வேண்டியதே இல்லை. கண்ணாடியும் கூடப் படிக்கிற பிள்ளைகளும் போதும். பழைய தமிழில் 'வெறுத்தல்' என்பதற்குப் பற்றுவிடுதல் என்ற பொருளும் உண்டு, மொழிபெயர்த்தவர்கள் அதை மனதில் வைத்திருக்கலாம் என்று பிறகு புரிந்தது. ஆனால் ஞாயிறு பள்ளியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு யாரும் அகராதி கொடுப்பதில்லை. அது இன்றைய தமிழில்தான் கேட்கிறது.

மூலக் கிரேக்கத்தில் அங்கே இருப்பது வெறுப்பும் இல்லை, துறவும் இல்லை. மறுதலிப்பு. சேவல் கூவுவதற்கு முன் பேதுரு மூன்று முறை செய்வான் என்று அதே மத்தேயுவில் இயேசு சொல்கிறாரே, அதே வினைச்சொல். பேதுருவைப் பற்றி வரும்போது தமிழிலும் 'மறுதலிப்பாய்' என்றே போட்டிருக்கிறார்கள். இந்த இடத்தில் மட்டும் சொல் மாறிப்போனதால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நூல் தமிழ் வாசகனின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர் சீடத்துவம் பற்றி 1937இல் வெளியிட்ட நூலில் அந்த நூலைப் பிடித்து இழுக்கிறார். அந்த மனிதரை எனக்குத் தெரியவே தெரியாது என்று பேதுரு கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னதை, சீடன் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்கிறார்.

இது எனக்குப் பிடித்திருந்தது. தன்னை மறுதலிப்பவன் தன்னைத் திட்டிக்கொள்வதில்லை. தன்னை அடித்துக்கொள்வதில்லை. தனக்காகத் தானே எழுதி எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிற சிபாரிசுக் கடிதத்தைக் கிழித்துப் போடுகிறான், அவ்வளவுதான். எந்தப் பாதையில் போவது என்று முடிவெடுக்கும்போது 'எனக்கு என்ன கிடைக்கும்?' என்ற குரல் முதலில் பேசாமல் இருக்கப் பழக்குகிறான். கிறிஸ்தவத்தில் இருந்து இதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பாட்டும் கேக்கும்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் சொல்லின் பொருளைச் சரியாகப் பிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில்லை. அந்தச் சொல்லை யார், யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று ஒன்று இருக்கிறது. அதை எனக்குக் காட்டியது பெரியம்மாவின் வாழ்க்கை.

*

பெரியம்மா அம்மாவுக்கு மூன்று வயது மூத்தவர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தத் தோட்டத்திலிருந்து ஐந்தாம் படிவம் முடித்த முதல் பெண். கொஞ்ச நாள் தற்காலிக ஆசிரியையாக வேலை செய்தார். 1981இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அதே வருஷம் பாட்டிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் இரண்டு மாமாக்கள், அம்மா, பெரியம்மா. மாமாக்களுக்கு வேலை இருந்தது. அம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பெரியம்மாவுக்கு அந்தக் கடிதம் மட்டும்தான் இருந்தது.

சபையிலிருந்து மூப்பர்கள் வந்து ஜெபம் பண்ணினார்கள். ஜெபத்தின் முடிவில், இந்த மகளைத் தேவன் இந்த வேலைக்காகவே பிரித்தெடுத்திருக்கிறார் என்று ஒருவர் சொன்னாராம். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். கடிதம் அலமாரிக்குள் போனது. அடுத்த வருஷம் தெலுக் இந்தானிலிருந்து வந்த சம்பந்தமும் அப்படியே போனது. பாட்டி அதற்குப் பிறகு 19 வருஷம் உயிரோடு இருந்தார்.

2000இல் பாட்டி இறந்தபோது எனக்குப் பதினொரு வயது. அடக்க ஆராதனையில் போதகர் பாட்டியைப் பற்றிப் பேசியதைவிடப் பெரியம்மாவைப் பற்றித்தான் அதிகம் பேசினார். தன்னை வெறுத்த மகள், தேவ சித்தத்துக்குத் தன்னை முழுவதும் ஒப்புக்கொடுத்தவள் என்றார். பின்வரிசையில் இருந்த சித்திகள் எல்லாம் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். பெரியம்மா மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துக்கத்தில் கல்லாகிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த முகத்தைப் பற்றி நான் அவரிடம் கேட்டது ரொம்ப வருஷம் கழித்து. சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து, தீபாவளி விடுமுறைக்கு ஊர் போயிருந்த நேரம். தோட்டம் எப்போதோ விற்கப்பட்டு, பெரியம்மா தாமானில் ஒரு வரிசை வீட்டில் தனியாக இருந்தார். முறுக்கு பிழிந்துகொண்டே பேசினார்.

"கல்லாவும் ஆகல, ஒண்ணும் ஆகல. கோவம்."

"யார் மேல பெரியம்மா? மாமா மேலயா?"

"அவங்க மேல என்ன கோவம். அவங்கவங்க பாட்ட அவங்கவங்க பாத்தாங்க. போறேன்னு நான் சொல்லியிருந்தா கட்டியா போட்டிருப்பாங்க? நான்தான் நின்னேன். ஆனா நான் நின்னத எடுத்து, எல்லாருமா சேந்து ஆண்டவர் கணக்குல எழுதிட்டாங்க பாரு. அதுதான்."

கொஞ்ச நேரம் எண்ணெய்ச் சத்தம் மட்டும். பிறகு நான் கேட்காமலேயே சொன்னார்.

"மொத எட்டு வருஷம் சும்மா மாட்டிக்கிட்டுக் கெடந்தேன். வெளிய சிரிப்பு, உள்ள எரிச்சல். பாட்டிய தூக்கும்போது கொஞ்சம் முரட்டுத்தனமாகூட தூக்குவேன். அப்புறம் ஒரு நாள் ராத்திரி மூணு மணி இருக்கும், படுக்கை நனைஞ்சு போச்சு, துணி மாத்திக்கிட்டு இருக்கேன். அப்பத் தோணுச்சு, இது என் வேலைன்னு. யாரும் குடுத்த வேல இல்ல. ஆண்டவர் புடிச்சித் தள்ளுன வேலயும் இல்ல. நான் செய்யற வேல. என்னமோ அன்னைக்கு கையெல்லாம் லேசாயிடுச்சு. அன்னைக்குத்தான்மா ஒப்புக்கொடுத்தேன். அத போதகர் எப்புடிப் பாத்தாரு? அவரு அங்க இல்லையே."

*

பெரியம்மா சொன்னதை நான் எனக்குத் தெரிந்த இலக்கணத்தில் வைத்துப் பார்த்தேன். தமிழில் மூவிடம் உண்டு: தன்மை, முன்னிலை, படர்க்கை. பள்ளியில் அட்டவணை போட்டுப் படித்திருப்போம். 'ஒப்புக்கொடுக்கிறேன்' என்று தன்மை ஒருமையில் சொன்னால் அது ஜெபம். அதையே முன்னிலைக்கு மாற்றி 'ஒப்புக்கொடு' என்றால் கட்டளை. 'அவள் ஒப்புக்கொடுத்தவள்' என்று படர்க்கையில் சொன்னால் புகழ்ச்சி. கட்டளையை மறுத்தாவது பேசலாம். மேடையில் வைத்துப் புகழ்ந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த ஆள் வாயைத் திறக்கவே முடியாது.

அம்மாவின் சபை மரபிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி 1755 ஆகஸ்டில் லண்டனில் உடன்படிக்கை ஆராதனை ஒன்றை நடத்தினார். புத்தாண்டை ஒட்டி மெதடிஸ்ட் சபைகளில் இன்றும் நடப்பது அதன் தொடர்ச்சிதான். அதில் சொல்லப்படும் ஜெபம் பயங்கரமானது. பயங்கரமானது என்று தெரிந்துதான் சொல்கிறேன். என்னை வேலையில் வைத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி, உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் சரி என்று ஒவ்வொன்றாக எண்ணிக் கையெழுத்துப் போடுவது போல இருக்கும். சின்ன வயதில் அந்த இடம் வந்தால் நான் உதட்டை மட்டும் அசைப்பேன். இப்போது அதன் வார்த்தைகளைப் பார்க்கும்போது கண்ணில் படுவது வேறொன்று. முழுக்க 'நான்', 'என்னை', 'என்' என்றே போகிறது. நூறு பேர் ஒரே நேரத்தில் சொன்னாலும் பக்கத்தில் நிற்கிறவளுக்காக அதில் ஒரு வரிகூட இல்லை. தன்னை விட்டுக்கொடுக்கும் ஜெபத்தில் 'நான்' இத்தனை தடவை வருவது முரண் இல்லை. கொடுப்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

1960இல் வேலரி செய்விங் என்ற அமெரிக்க இறையியல் ஆய்வாளர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெண்ணிய இறையியலின் தொடக்கம் என்று இன்றும் அதைச் சொல்வார்கள். அவருடைய வாதத்தை என் வார்த்தைகளில் சொல்கிறேன். மனிதனின் அடிப்படைப் பாவம் அகந்தை, அதற்கு மருந்து தன்னை மறந்த அன்பு என்று அக்கால இறையியலாளர்கள் எழுதினார்கள். எழுதியவர்கள் ஆண்கள். அவர்களுடைய அனுபவத்தில் நோய் அதுவாகவே இருந்திருக்கலாம். ஆனால் காலையிலிருந்து இரவுவரை பிறருடைய தேவைகளாகவே சிதறிப்போகும் ஒரு பெண்ணின் சோதனை அகந்தை அல்ல. தனக்கென்று ஒரு மையமே இல்லாமல் கரைந்துபோவதுதான். அவளிடம் போய் 'உன்னை மற' என்றால், ஏற்கெனவே இருக்கும் நோயையே மருந்து என்று கொடுப்பதாகிவிடும்.

இதை மட்டும் வைத்துக்கொண்டு நிறுத்திவிடவும் எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் பெரியம்மா கரைந்துபோனவர் இல்லை. பத்தொன்பது வருஷத்தை இழந்தவராக அவர் பேசுவதும் இல்லை. அந்த மூன்று மணி இரவுக்குப் பிறகு அவரிடம் ஏதோ ஒன்று திறந்திருக்கிறது. அதை 'சுரண்டல்' என்ற ஒரு சொல்லில் மூடினால், நானும் அந்தப் போதகரைப் போலவே படர்க்கையில் பேசுகிறவளாகிவிடுவேன். அவர் அவரைத் துறவி ஆக்கினார், நான் அவரைப் பலியாள் ஆக்குவேன். இரண்டிலும் பெரியம்மா பேசமாட்டார்.

*

ஈப்போ பக்கம் வளர்கிற கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு, ஒப்புக்கொடுத்தல் என்றதும் உதாரணமாகச் சொல்லப்படும் ஒரு பெயர் உண்டு. சிபில் கார்த்திகேசு. அப்பா என்னையும் அண்ணனையும் அவருடைய கல்லறைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். செயின்ட் மைக்கேல் தேவாலயத்தின் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: சிபில் 1899இல் சுமத்ராவின் மேடானில் பிறந்த யூரேசியப் பெண். தாதி, மருத்துவச்சி, கத்தோலிக்கர். கணவர் இலங்கைத் தமிழ் வம்சாவளி மருத்துவர், அவரைக் கட்டுவதற்காகக் கத்தோலிக்கராக மாறியவர். ஈப்போவில் இருவரும் கிளினிக் நடத்தினார்கள். ஜப்பானியர் வந்தபோது பக்கத்தில் இருக்கும் பாப்பான் என்ற சின்ன ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே ஜப்பானிய எதிர்ப்புப் படையின் காட்டுப் போராளிகளுக்கு இரகசியமாக மருந்து கொடுத்தார், காயங்களுக்கு வைத்தியம் பார்த்தார், ஒளித்துவைத்த வானொலியில் பிபிசி செய்தி கேட்டார். 1943இல் கெம்பெய்தாய் கைது செய்தது. சொல்லமுடியாத சித்திரவதை. பெயர்களைச் சொல்லவில்லை. போர் முடிந்து சிகிச்சைக்காக பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. காயங்கள் ஆறவே இல்லை. 1948 ஜூனில், 48 வயதில் இறந்தார். ஸ்காட்லாந்தில் புதைக்கப்பட்ட உடல் அடுத்த ஆண்டு ஈப்போவுக்கு வந்தது. அவருடைய நினைவுக்குறிப்புகள் 1954இல் புத்தகமாக வெளிவந்தன.

அந்தப் புத்தகத்தில் எந்தப் பிரசங்கத்துக்கும் அடங்காத ஒரு இடம் இருக்கிறது. அவருடைய சின்ன மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டுகிறார்கள். பெயர்களைச் சொல், இல்லையென்றால் கயிற்றை இறக்குவோம். சிபில் சொல்லவில்லை. குழந்தை உயிர் தப்பினாள். ஆனால் தப்புவாள் என்று அந்த நிமிஷம் அவருக்குத் தெரியாது.

இதை ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போனதோடு ஒப்பிட்டு ஒரு முகாமில் பேசக் கேட்டிருக்கிறேன். கேட்டதிலிருந்து எனக்குச் சமாதானமில்லை. தன் உயிரை விட்டுக்கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு. பிள்ளையின் உயிரை? மலைமேல் ஆபிரகாமிடம் கேட்டது கடவுள் என்று ஆதியாகமம் சொல்கிறது. இங்கே நெருப்பு மூட்டியது கடவுள் இல்லை, ஒரு கெம்பெய்தாய் சார்ஜன்ட். நடப்பதெல்லாம் தேவ சித்தம் என்று சொல்லிக்கொண்டே போனால், கடைசியில் அந்தச் சார்ஜன்ட்டின் கையிலிருந்த தீக்குச்சிக்கும் தேவனையே கையெழுத்துப் போட வைப்போம். சிபில் ஒப்புக்கொடுத்தது அந்த நெருப்புக்கு இல்லை. தன்னை நம்பித் தன் வீட்டுப் பின்கதவைத் தட்டியவர்களுக்குக் கொடுத்த வாக்குக்கு. அந்தப் பெயர்களுக்குப் பின்னாலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

அதனால்தான் சிபிலின் கதையை இன்னொருவருக்கு அறிவுரையாகச் சொல்ல என்னால் முடியாது. 'சிபில் செய்தாரே, நீ ஏன் செய்யக் கூடாது?' என்று எந்தத் தாயிடமும் கேட்க முடியாது. கேட்கவே முடியாத ஒன்றை அவர் செய்தார். அதன் பெருமையும் பயங்கரமும் அவர் ஒருவருடையவை.

*

கெத்செமனே தோட்டத்துக்கு நான் எப்போதும் கடைசியாகத்தான் வருவேன். ஒப்புக்கொடுத்தல் பற்றி யார் பேசினாலும் அங்கேதான் தொடங்குவார்கள், அதுவும் கடைசி வரியிலிருந்து: உமது சித்தம் ஆகட்டும் என்று இயேசு சொன்னதிலிருந்து. அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதை வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

முன்னால் நடப்பது இதுதான். அவர் தனக்கு வேண்டாம் என்கிறார். அந்தப் பாத்திரம் தன்னைவிட்டு நீங்க வேண்டும் என்று கேட்கிறார். மத்தேயுவின்படி மூன்று தடவை ஜெபிக்கப் போகிறார். தரையில் முகங்குப்புற விழுகிறார். நண்பர்களிடம், என்னோடு கொஞ்ச நேரம் விழித்திருங்கள் என்று கெஞ்சுகிறார். தன் விருப்பம் என்ன என்று தெளிவாகத் தெரிந்த, அதை வாய்விட்டுச் சொல்லத் தயங்காத ஒரு மனிதர் அங்கே இருக்கிறார். அந்த விருப்பம் இல்லாமல் இருந்திருந்தால் அவருடைய இரண்டாவது வாக்கியத்துக்கு எடையே இருந்திருக்காது.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தத் தோட்டத்தில் அவருக்கு யாரும் பிரசங்கம் பண்ணவில்லை. சிலுவையை ஏற்றுக்கொள், அதுதான் பிதாவின் சித்தம் என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒருத்தரும் இல்லை. சீடர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்காக அவர்களை எல்லாரும் குறை சொல்கிறோம். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிய மூப்பர்களோடு ஒப்பிட்டால், தூங்கினவர்கள் தேவலை என்று சில சமயம் தோன்றும். அவர்கள் கேட்டிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: விழித்திருந்து, அவருடைய 'வேண்டாம்' என்ற சொல்லை. அதுதான் அவர் கேட்ட உதவியும்.

*

இதையெல்லாம் நான் இத்தனை நாள் படித்துவைத்திருந்தது சும்மா இல்லை என்று தெரிந்தது 2022இல். அம்மாவுக்குப் பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அண்ணன் குடும்பத்தோடு ஷா ஆலமில். நான் சிங்கப்பூரில், கல்யாணம் ஆகாதவள், பிடித்த வேலையில்.

சபையிலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். நல்லவர், அம்மாவுக்குச் சாப்பாடெல்லாம் கொண்டுவந்து கொடுத்தவர். ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். "உனக்கு ஏன் இன்னும் கல்யாணம் அமையலன்னு நாங்க எல்லாம் யோசிச்சோம்மா. இப்பத் தெரியுது பாரு. கர்த்தர் இதுக்காகத்தான் உன்னை வச்சிருக்காரு." பெரியம்மா இருக்கிறாரே, அவர் எப்படிச் செய்தார் என்றும் ஞாபகப்படுத்தினார்.

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. 1981இன் ஆமென் போன் வழியாக எனக்கு வந்துசேர்ந்தது போல.

பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

"ஒனக்கு வர இஷ்டமா?"

"தெரியல பெரியம்மா."

"தெரியலன்னா ஜெபம் பண்ணாத. மொதல்ல தெரிஞ்சுக்க. 'எனக்கு வேணாம்'ன்னு ஒரு தடவ சத்தமா சொல்லிப் பாரு. ஆண்டவர் ஒண்ணும் பயந்துக்க மாட்டாரு. சொன்னதுக்கு அப்புறம் என்ன மிச்சம் இருக்குன்னு பாரு. அத வேணா குடு."

அன்றிரவு அறையில் தனியாக, வாய்விட்டுச் சொன்னேன். எனக்கு வேண்டாம். வேலையை விட வேண்டாம். அம்மாவின் கட்டில் ஓரத்தில் இருபது வருஷம் உட்கார வேண்டாம். பெரியம்மா ஆக வேண்டாம். சொல்லிமுடித்ததும் அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. மிச்சம் இருந்தது என்ன என்று பார்த்தேன். அம்மா இருந்தார். அவர் கைநடுக்கம் இருந்தது. அந்தக் கையைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது, யாரும் சொல்லாமலேயே. முழுசாகக் கொடுக்க இருபது வருஷம் இல்லை. ஆனால் கொடுக்க ஒன்று இருந்தது.

மறுநாள் அண்ணனுக்குப் போன் செய்தேன். அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று நேராகக் கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நீ வந்துருவேன்னுதான் நெனச்சேன்" என்றார்.

அண்ணன் கெட்டவர் இல்லை. தேவ சித்தத்தைப் பற்றி அவரிடம் யாரும் அதுவரை பேசியதில்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அது எப்போதும் பெண்களிடம் மட்டும் பேசப்பட்ட விஷயம். நான் அவரிடம் தேவனைக் கொண்டுபோகவில்லை. காலண்டரைக் கொண்டுபோனேன். வருஷத்தில் ஐந்து மாதம் அம்மா ஷா ஆலமில். மிச்ச நாள் சுங்கை சிப்புட்டில், பகலில் உதவிக்கு ஓர் அம்மா. செலவு பாதிப் பாதி. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் நான். அண்ணி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு அவரும் ஒரு திட்டம் சொன்னார், எங்களுடையதைவிட நல்ல திட்டம்.

இது தேவ சித்தமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒப்புக்கொடுத்தல் என்று இதைச் சொல்வார்களா என்பதும் சந்தேகம்தான். போன்ஹோஃபர் முன்னால் வைத்தால் இது வெறும் கணக்குவழக்கு. ஆனால் பேருந்தில் தூங்காமல் வரும் சில இரவுகளில், தாப்பா தாண்டும்போது, 'எனக்கு என்ன கிடைக்கும்?' என்ற குரல் பேசாமல் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். நான் அடக்கவில்லை. அதுவாகவே இல்லை. அடுத்த தடவை அது திரும்பவும் வந்துவிடும், ஜோகூர் பாரு தாண்டுவதற்குள்ளேயே புலம்பத் தொடங்கிவிடும். அநுதினமும் என்று லூக்கா ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்திருப்பது இதனால்தானோ என்னவோ. ஒருமுறை கொடுத்தால் முடிந்துபோகிற விஷயமாக அவர் அதை எழுதவில்லை.

போன மாதம் அம்மாவுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் அம்மாவின் குரல் ரொம்பச் சன்னமாகிவிட்டது, குனிந்துதான் கேட்க வேண்டும்.

"ஒனக்குக் கஷ்டமா இல்லையா?" என்றார்.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. அம்மா பாட்டியிடம் சொன்னது, பெரியம்மா எல்லாரிடமும் சொன்னது: ஒன்றுமில்லை, கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

"கஷ்டமாத்தாம்மா இருக்கு" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா, இருக்கும்" என்றார். நான் பின்னலைப் போட்டு முடித்தேன்.